பொத்தானுக்குள் நாதசுரம் அடங்குமா?

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? ஏறக்குறைய நடுவழியில் வருவது கந்தர்வக்கோட்டை. அதைத் தாண்டினால் செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் கண்ணில் படும். ஆதனக்கோட்டையில் சாலை ஓரத்திலேயே வறுத்த முந்திரிப் பருப்பு விற்பார்கள். கந்தர்வர் என்போர் விண்ணுலகத்து இசைவாணர் என்று புராணங்கள் கூறும். அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கும் இவ்வூருக்கோ, அக்கம்பக்கத்தில் உள்ள வேறு ஊருக்கோ ஒரு திருவிழாவின்போது போய்ப் பாருங்கள். சுவாமி புறப்பாட்டில் நாதசுரமும் தவிலும் முழங்கும். இரவு மேடையில் இன்னிசைக் குழு அமர்ந்ததும், மின்னணு விசைப்பலகைக்கு முன் நிற்கும் இளைஞர் ஒரு பொத்தானை அழுத்துவார், நாதசுரம் கேட்கும். மற்றொன்றை அழுத்துவார்; வீணை கேட்கும். மூன்றாவதை அழுத்தினால் புல்லாங்குழல்!

புறப்பாட்டு நாதசுரத்தைக் கேட்டுவிட்டு வந்த காது, மேடை நாதசுரத்தை ஒரு கணம் நம்பும். அடுத்த கணமே, 'ஏதோ குறைகிறதே!' என்று சொல்லும். குறைவது எது? பெட்டிக்குள் நாதசுரம் நுழைந்தது எப்படி? நுழையாமல் வெளியே நின்றுவிட்டது யாது? விடை காண நாம் நெடுந்தூரம் போக வேண்டும். ஆனால் புறப்படும் இடம் புதுக்கோட்டைச் சீமைதான்.

ஒரே சுரம், வெவ்வேறு குரல்

இசை ஒலிக்குச் சுருதி, உரப்பு, தரம் என மூன்று பண்புகள் உண்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்பது சுருதி. எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்பது உரப்பு. வீணையின் சட்ஜமும் நாதசுரத்தின் சட்ஜமும் ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலித்தாலும் இன்னது இன்னது என்று இனம் பிரிக்க உதவுவது தரம்.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. சுருதியை மாற்றாமல் 'ஆ' என்று பாடுங்கள். மூச்சை விடாமல் 'ஊ' என்றும், பிறகு 'ஈ' என்றும் மாற்றுங்கள். குரல்வளை எழுப்பும் சுரம் மாறவில்லை. வாயின் குழிவும் நாவின் நிலையும் மட்டுமே மாறின. ஆயினும் மூன்று வேறு ஒலிகள் பிறந்துவிட்டன. ஏன்?

நொடிக்கு 240 அதிர்வுகள் உள்ள ஒரு சுரத்தைப் பாடும்போது 240 மட்டும் ஒலிப்பதில்லை. அதன் மடங்குகளான 480, 720, 960, 1200 ஆகியவையும் உடன் ஒலிக்கின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்பர். 'ஆ' என்னும்போது வாய் சில மேற்சுரங்களைத் தூக்கிக் கொடுக்கிறது. 'ஊ' என்னும்போது உயர்ந்த மேற்சுரங்களை அமுக்கிவிடுகிறது. ஆக, நம் ஒவ்வொருவர் வாயும் ஓர் ஒலிவடிகட்டி!

திரும்பத் திரும்ப ஒரே வடிவில் வரும் எந்த அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்னும் கணிதத்தை, பிரான்சு நாட்டு ஃபூரியர் 1822-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். அவர் ஆராய்ந்தது வெப்பம். அதே கணிதம் ஒலிக்கும் பொருந்தியது. செருமானிய அறிஞர் எல்ம்கோல்ட்சு, 1863-இல் வெளியிட்ட நூலில் தரத்தின் இரகசியம் மேற்சுரங்களின் அளவில் உள்ளது என்று நிறுவினார். அவர் பிரித்துப் பார்த்ததோடு நிற்கவில்லை. மின்காந்தத்தால் அதிரும் இசைக்கவைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் உரப்பையும் கூட்டிக் குறைத்து, மனிதக் குரலின் உயிரொலிகளைச் செயற்கையாக எழுப்பிக் காட்டினார். இன்றைய விசைப்பலகையின் பாட்டன் அந்தக் கருவிதான் எனலாம்.

புதுக்கோட்டைச் சீமையின் பாடம்

ஒலியைச் செதுக்கும் கலை மின்சாரத்தோடு பிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். புதுக்கோட்டைக்கு மேற்கே குடுமியான்மலைப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏறக்குறைய ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்தது என்று கருதப்படும் அக்கல்வெட்டில் சுரங்கள் நான்கு நான்காக, ஏழு பிரிவுகளில் வெட்டப்பட்டுள்ளன. ஒரே சுரத்தின் எழுத்து ச, சி, சு, செ என்று உயிர் மாறி மாறி வருகிறது. இம்மாற்றம் எதைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒன்று மட்டும் தெளிவு: சுரத்தின் பெயரை எழுதினால் போதாது, அது ஒலிக்கும் விதத்தில் இன்னும் ஏதோ குறிக்கவேண்டியிருக்கிறது என்று அன்றே உணர்ந்திருந்தார்கள்.

இனி மிருதங்கத்தைப் பாருங்கள். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் இனிய சுரம் பிறக்காது. வட்டத் தோலின் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்று முழு எண்ணல்லாத விகிதங்களில் அமைவதே காரணம். நம் முன்னோர் வலந்தலையின் நடுவே சோற்றுப் பசையில் கிட்டக்கல் பொடியைக் குழைத்து, படலம் படலமாக அப்பித் தேய்த்தனர். நடுவில் எடை கூடியதும் விகிதங்கள் இடம் பெயர்ந்து 1, 2, 3, 4, 5 என்னும் முழு எண்களுக்கு நெருங்கி வந்தன. தட்டிய தோல் பாடத் தொடங்கியது! இதை அறிவியல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி.வி. இராமன். 1920-ஆம் ஆண்டு சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதுபற்றி எழுதினார்.

மறு ஆண்டே வீணை, தம்புரா பற்றியும் அவர் எழுதினார். கம்பியின் நட்டநடுவில் மீட்டினால் இரட்டைப்படை மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது விதி. தம்புராவிலோ அவையும் எழுகின்றன! வளைந்த குதிரையும், கம்பிக்கு அடியில் செருகும் 'ஜீவா' என்னும் நூலும் செய்யும் வேலை அது. நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் தம்புராவின் குரலே மாறிவிடும். விசைப்பலகைக் கலைஞர் இன்று குமிழைத் திருகிச் செய்வதை, நம் இசைவாணர் ஒரு துண்டு நூலால் செய்துவந்தனர்.

கஞ்சிராவும் இந்தச் சீமையின் கொடைதான். பசனைக் கூடத்தில் ஒலித்த அந்தச் சிறு கருவியைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய மாணவர் புகழ்பெற்ற தட்சிணாமூர்த்திப் பிள்ளை. கஞ்சிராக் கலைஞர் தோலின் உட்புறம் சிறிது நீர் தடவிச் சுருதியை இறக்குவார். ஒரு கையால் தட்டும்போதே மறு கை விரலால் தோலை அழுத்தி, ஒலியை வளைப்பார். இந்த வளைவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

மின்சாரம் பாடிய கதை

மேற்சுரங்களைக் கலந்தால் குரல் பிறக்கும் என்று தெரிந்த பின், அவற்றை மின்சாரத்தால் ஆக்கினால் என்ன? அமெரிக்கரான கேகில் 1897-இல் காப்புரிமை பெற்ற 'டெல்லார்மோனியம்' இதைத்தான் செய்தது. மின் ஆக்கிகளைச் சுழற்றி இசையைப் பிறப்பித்து, தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பினார். 1906-இல் நியூயார்க்கில் நிறுவப்பட்ட அதன் எடை ஏறக்குறைய 200 டன்! 1935-இல் விற்பனைக்கு வந்த ஆமண்டு ஆர்கன் அதே வேலையை ஒரு மேசை அளவில் முடித்தது. பல் சக்கரங்கள் காந்தத்தின் அருகே சுழலும். இழுவைக் கட்டைகளை இழுத்தும் தள்ளியும் மேற்சுரங்களின் அளவை மாற்றலாம்.

1964-இல் இராபர்ட் மூக் எதிர்வழியில் சென்றார். ஆமண்டு முறை வெறும் இலையில் ஒவ்வொரு கறியாகப் பரிமாறுவது போன்றது. மூக் முறை சிற்பியின் முறை. முதலில் முழுக்கல், பிறகு செதுக்கல். வாள்பல் வடிவ அலையில் எல்லா மேற்சுரங்களும் நிறைந்திருக்கும். சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் இருக்கும். இவற்றை மின்வடிகட்டியில் செலுத்தி, வேண்டாதவற்றைக் கழித்துவிடுவார். நீங்கள் 'ஆ'வை 'ஊ'வாக மாற்றினீர்களே, அதே வேலை! சுருதியையும் வடிகட்டியையும் மின்னழுத்தத்தாலேயே ஆட்டிவைத்தார். மின்னழுத்தம் ஒரு வோல்ட் ஏறினால் சுரம் ஒரு தாயி மேலே ஏறும்.

இந்தக் கருவி இந்தியாவுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 1969-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில், அமெரிக்க இசையறிஞர் தேவிட் தியூடர் ஒரு மூக் கருவியை நிறுவிக் கொடுத்தார். இதற்குத் துணை நின்றவர் கீதா சாராபாய். அங்கே சில ஆண்டுகள் இந்தியக் கலைஞர்கள் மின்னணு ஒலிகளை உருவாக்கினர். அந்த நாடாக்கள் நெடுங்காலம் கழகத்தின் காப்பகத்தில் உறங்கிக் கிடந்து, 2023-இல் தொகுப்பாக வெளிவந்தன.

பிறப்பும் மறைவும்

மேற்சுரங்களைச் சரியாகக் கலந்துவிட்டால் போதுமா? போதாது. 1948 வாக்கில் பாரிசு நகரில் பியர் செப்பர் என்பவர் மணியோசையைப் பதிவு செய்து, மணி அடிபடும் அந்த முதற்கணத்தை மட்டும் வெட்டிவிட்டார். எஞ்சியதைக் கேட்டால் மணி என்றே தோன்றவில்லை! காது ஒரு கருவியை இனம் காண்பது பெரிதும் அதன் தொடக்கத்தைக் கொண்டுதான்.

ஆகவே விசைப்பலகையில் ஒலியின் வாழ்நாளை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். எழுச்சி, தணிவு, நிலைப்பு, ஒடுக்கம் என்று அவற்றைச் சொல்லலாம். வீணையில் எழுச்சி நொடியின் மிகச் சிறு பகுதியில் முடிந்துவிடும், நிலைப்பு கிடையாது, மெல்ல ஒடுங்கும். நாதசுரத்தில் மூச்சு உள்ளவரை நிலைப்பு உண்டு. நுரையீரல் நின்றதும் ஒலியும் நிற்கும். விசைப்பலகையில் வீணை ஒலியை எடுத்து, எழுச்சியை மட்டும் அரை நொடிக்கு நீட்டிப் பாருங்கள். வீணை வயலினைப் போல ஆகிவிடும். மேற்சுரங்களை நீங்கள் தொடவே இல்லை!

கம்பிதம் வண்ணமான விந்தை

1967-இல் கலிபோர்னியாவின் இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கணிப்பொறியில் சுரத்தை அசைத்துக்கொண்டிருந்தார். நம் இசையில் கம்பிதம் என்போமே, அது போல் சுரத்தை மேலும் கீழும் ஆட்டினார். நொடிக்கு ஐந்தாறு முறை ஆட்டினால் அசைவு என்று காது உணர்கிறது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஆட்டியபோது அசைவு மறைந்தது. அதன் இடத்தில் புதிய மேற்சுரங்கள் பூத்தன. மணி போலவும் எக்காளம் போலவும் ஒலிகள் எழுந்தன! அசைவு மிகுந்தால் அதுவே தரமாக மாறுகிறது என்பதே அவர் கண்டது. 1977-இல் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இதை அடிப்படையாகக் கொண்டு சப்பானின் யமஹா நிறுவனம் 1983-இல் வெளியிட்ட 'டிஎக்ஸ்7' உலகெங்கும் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் விற்றது.

இன்னொரு வழி பதிவுமுறை. ஆஸ்திரேலியாவில் 1979-இல் பிறந்த 'ஃபேர்லைட்' உண்மையான கருவியின் ஒலியையே எண்களாக்கிச் சேமித்தது. ஒவ்வொரு குரலுக்கும் 16,384 பைட்டு நினைவகம். நொடிக்கு 16,000 எண்கள் வீதம் பதிவு செய்தால் ஏறக்குறைய ஒரு நொடிதான் அடங்கும். இன்றைய தரத்தில் நொடிக்கு 44,100 எண்கள், எண்ணுக்கு இரண்டு பைட்டு என்று கணக்கிட்டால், ஒரு நிமிடத்துக்கு 50 இலட்சம் பைட்டுக்கு மேல் வேண்டும். எனவே தொடக்கக் காலக் கருவிகளில் இரண்டு சிக்கனங்கள் செய்தார்கள். ஒன்று, சிறு துண்டைப் பதிவு செய்து அதன் இறுதியைச் செக்குமாடு போல் சுற்றிச் சுற்றி ஒலிக்கவிடுவது. இரண்டு, ஒரு சுரத்தைப் பதிந்து, அதையே வேகம் மாற்றிப் பல விசைகளுக்குப் பங்கிடுவது. ஒரு தாயி மேலே போனால் சுரம் மட்டுமா இரு மடங்கு ஆகிறது? ஊதியவரின் மூச்சும் இரு மடங்கு வேகத்தில் ஓடுகிறது! மலிவான பெட்டியில் நாதசுரம் செத்துப் பிழைத்தது போல் ஒலிக்கும் காரணங்களில் இவை இரண்டும் முக்கியமானவை.

இந்தியாவில் இவ்வொலிகள் விரைவிலேயே வேர் பிடித்தன. 1982-இல் மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்சித் சிங், சப்பானியக் கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். தமிழ்த் திரையுலகில் விசைப்பலகைக் கலைஞராகப் பல இசையமைப்பாளர்களிடம் பணியாற்றிய ஏ.ஆர். ரகுமான், 1992-இல் 'ரோஜா' படத்தின் வழியே இசையமைப்பாளராக அறிமுகமானார். அதன்பின் மின்னணு ஒலி தமிழ்ச் செவிக்கு அந்நியமாக இருக்கவில்லை. இந்தியச் சந்தைக்கென்றே தபலா, சித்தார், தம்புரா ஒலிகளைச் சேர்த்து விசைப்பலகைகள் இன்று தயாராகின்றன.

விசைகளின் இடுக்கில்

நினைவகச் சிக்கல் இன்று தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு சுரத்தையும், மெல்லியது முதல் உரத்தது வரை தனித்தனியே பதிந்து வைக்கலாம். அப்படியும் குறை தீர்ந்ததா?

இங்கே ஒரு பழைய வழக்கை நினைவுகூர வேண்டும். அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டு மார்ச் முதல் ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கி வைத்தது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. விசைக்கு விசை தாவும் கருவியால் கமகத்தைக் காட்ட முடியாது, அதன் சுரங்களும் நம் சுரங்களோடு ஒட்டாது என்பதே எதிர்ப்பாளர்களின் வாதம். இரண்டாவது வாதத்தைக் கணக்கால் சோதிக்கலாம். சட்ஜம் 240 எனில் இயற்கையான அந்தர காந்தாரம் அதைப்போல் ஒன்றேகால் மடங்கு, அதாவது 300. விசைப்பலகையில் தாயியைப் பன்னிரண்டு சமபங்காக்குவதால் அது 302.4 ஆகிறது. சிறிய வேறுபாடுதானே என்கிறீர்களா? தம்புராவில் சட்ஜத்தின் ஐந்தாம் மேற்சுரமாகக் காந்தாரம் தானே ஒலிக்கும், அது 1200. விசைப்பலகைக் காந்தாரத்தின் நான்காம் மேற்சுரம் 1209.5. இரண்டும் மோத, நொடிக்கு ஒன்பது பத்து முறை ஒலி துடிக்கும். தம்புராவோடு வாழ்ந்த காது இதை எப்படிப் பொறுக்கும்? இக்குறையைப் போக்க, ஒவ்வொரு சுரத்தையும் தனியே நுண்மையாகத் திருத்தும் வசதி இன்று பல விசைப்பலகைகளில் இருக்கிறது.

முதல் வாதமோ இன்னும் ஆழமானது. 1983-இல் மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு 'மிடி' என்னும் பொது மொழி வகுக்கப்பட்டது. அதில் சுரம் என்பது 0 முதல் 127 வரையிலான ஓர் எண். தோடியின் காந்தாரத்தைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? அது எந்த எண்ணில் நிற்கிறது? ஓரிடத்திலும் நிற்பதில்லை, ஊசலாடுகிறது. அந்த ஊசலாட்டம்தான் காந்தாரம்! இதற்காக விசைப்பலகையின் இடப்புறத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம் ஒன்றை வைத்தார்கள். அதன் அசைவை 16,384 படிகளாகப் பிரித்து அனுப்பலாம். தேர்ந்த கலைஞர்கள் வலக்கையால் விசையையும் இடக்கையால் சக்கரத்தையும் இயக்கி, கருநாடக இசையைக் கமகத்தோடு வாசிக்கிறார்கள். புதுக்கோட்டையின் கஞ்சிராக் கலைஞர் தோலை விரலால் அழுத்தி வளைத்தாரே, அதே வித்தை! ஆனால் ஒரு சங்கடம்: அந்த வழித்தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சக்கரம் சேர்த்தே வளைத்துவிடும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் வழியைத் திருத்திய மொழியான 'மிடி 2.0' 2020-இல்தான் சேர்த்துக்கொண்டது.

இப்போது நம் முதற்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தஞ்சைப் பகுதியில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதசுரம் செய்கிறார்கள்; 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் குழலின் துளையைக் கலைஞர் பாதி மூடுகிறார். சீவாளியை உதட்டால் இறுக்குகிறார், தளர்த்துகிறார். மூச்சைக் கூட்டுகிறார், குறைக்கிறார். இவற்றால் சுருதி, உரப்பு, தரம் மூன்றும் ஒவ்வொரு கணமும் ஒருசேர மாறிக்கொண்டே இருக்கின்றன. பொத்தானுக்குள் இருப்பது யாரோ ஒரு கலைஞர், என்றோ ஒரு நாள் ஊதிய சில கணங்கள். அக்கணங்கள் உண்மையானவை. ஆனால் அடுத்த கணத்தில் என்ன செய்வது என்று அந்தப் பெட்டியால் தீர்மானிக்க முடியாது. அதை இயக்கும் கைதான் தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே விசைப்பலகையைப் பழிப்பதும் வேண்டாம், பொத்தானை அழுத்திவிட்டு நிறைவு கொள்வதும் வேண்டாம். உங்கள் பள்ளியிலோ நண்பர் வீட்டிலோ ஒலியைத் திருத்தும் வசதியுள்ள விசைப்பலகை இருந்தால், அதில் நாதசுர ஒலியைத் தேர்ந்தெடுங்கள். எழுச்சியை நீட்டிப் பாருங்கள். வடிகட்டியை மூடிப் பாருங்கள். சக்கரத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். எதை மாற்றினால் எது கெடுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த திருவிழாவில், மேடைக்கு முன் இடம் பிடிக்க ஓடாமல், புறப்பாட்டில் நாதசுரம் வாசிப்பவருக்கு அருகில் நடந்து போங்கள். உங்கள் தாளில் குறிக்காமல் விட்டது எது என்பதை அவருடைய உதடும் விரலும் காட்டிக் கொடுக்கும். கேட்க ஆள் இருக்கும் வரைதான் அந்த மூச்சு ஊரில் இருக்கும். அது நின்றுபோனால், பொத்தானில் இருப்பது சரியா தவறா என்று ஒப்பிட்டுச் சொல்லவும் எவரும் இருக்கமாட்டார்கள்.